எகிப்தியக் கண்ணாடி முகம்: க்ளே தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. வீட்டில் பிள்ளைகளுக்குப் பாலிமர் க்ளே (சூடாக்கினால் இறுகும் பிளாஸ்டிக் களிமண்) வகுப்பு எடுக்கிறேன். சுமார் 2,000 வருடங்களுக்கு முன் எகிப்தில் செய்த கண்ணாடி முகங்களை அவர்களோடு சேர்ந்து செய்து பார்க்க ஆசை.

மரப்பெட்டி, சாமான்களில் பதிக்கச் செய்த சின்னச் சின்னத் துண்டுகள் அவை. 2, 3 செ.மீ. தான் இருக்கும். கிரேக்க நாடக முகமூடிகள்: சுருட்டை முடி, வளைந்த புருவம், திறந்த வாய். எதுவும் வரைந்தது இல்லை! பல நிறக் கண்ணாடிக் குச்சிகளை அடுக்கி, சூடாக்கி ஒன்றாக்கி, நீளமாக இழுத்திருக்கிறார்கள். இழுக்க இழுக்க உருவம் சிறுக்கும். பிறகு வாழைத்தண்டு மாதிரி வில்லை வில்லையாக நறுக்கினால் ஒவ்வொன்றிலும் அதே முகம். அதுவும் பல துண்டுகளில் பாதி முகம்தான். ஒரு வில்லையைத் திருப்பிப் போட்டு இன்னொன்றோடு சேர்த்தால் முழு முகம். மூக்கின் நடுவே இறங்கும் மெல்லிய கோடுதான் இணைப்பு. அதைக் கவனித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

என் க்ளேயில் இழுத்தால் கண் நசுங்குகிறது, புருவத்தின் கறுப்பு வெள்ளையோடு இழுபடுகிறது. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தும் சரியாகவில்லை. எல்லா நிறத்தையும் ஒரே பதத்துக்குக் கொண்டுவருவது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நியூயார்க்கில் இருப்பவர்கள் மெட்ரோபாலிடன் மியூசியம் போனால், இந்த முகங்களின் இணைப்புக் கோடு தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.