ஒரே மாடல் நம்பர், ரெண்டு ரேம் கிட்: கலந்து போட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பழையபெட்டி:
முதலில் இருந்தது இரண்டு 8 ஜிபி ஸ்டிக், டிடிஆர்4 ரகம், வேகம் 3200, தாமத எண் (டைமிங்) சிஎல்16. இரண்டு வருஷம் கழித்து அதே மாடல் நம்பரில் இன்னொரு ஜோடி வாங்கிச் சொருகினேன். ஸ்டிக்கர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்த ஆள் நான். முதல் தடவையிலேயே பூட் ஆனது, 32 ஜிபி காட்டியது, ஸ்டிக்கரில் போட்ட வேகத்தில் ரேமை ஓட்டும் எக்ஸ்எம்பி ப்ரொஃபைலும் ஏறியது. பெட்டியை மூடிவிட்டேன்.

மூன்று வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. நீலத்திரை வந்திருந்தால்கூட உஷாராகியிருப்பேன். அந்த நாட்களில்தான் பழைய டிஸ்கில் கிடந்த குடும்பப் படங்களைப் புது டிஸ்குக்கு மாற்றினேன். காப்பி இல்லை, கட். ஒருநாள் அம்மாவின் படத்தைத் திறந்தால் நெற்றி இருக்கிறது, கண் இருக்கிறது, மூக்கு வரை இருக்கிறது. அதற்குக் கீழே ஒரே சாம்பல். சிரித்துக்கொண்டிருந்த படம் அது. தேடிப் பார்த்ததில் இப்படி இன்னும் ஆறு.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டினேன். மூன்றாவது சுற்றில் சிவப்பு வரிகள், அதாவது பிழைகள். பழைய ஜோடி தனியாக, சுத்தம். புது ஜோடி தனியாக, அதுவும் சுத்தம். நான்கையும் போட்டு எக்ஸ்எம்பியை அணைத்து 2666-ல் ஓட்டினால் அப்போதும் சுத்தம். சிபியு-இசட் என்ற மென்பொருளில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: பழையதில் சாம்சங் சிப், புதியதில் ஹைனிக்ஸ். மேலே ஸ்டிக்கர் மட்டும் ஒன்று.

ஸ்லாட்நான்கு:
எனக்கு டிடிஆர்5. ஏற்கெனவே இரண்டு 16 ஜிபி, கூட வேறு கம்பெனி இரண்டு. பவர் பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு, போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று மட்டும் எரிகிறது. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அணைத்தேன். மறுபடி போட்டேன், மறுபடி அணைத்தேன். இப்படி நாலு தடவை. கடைசியில் வெறுத்துப்போய் அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பயாஸ் (போர்டின் அமைப்பு) திரை நிற்கிறது! எந்த டைமிங் ஒத்துவரும் என்று போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருந்திருக்கிறது, நான்தான் ஒவ்வொரு தடவையும் பாதியில் கழுத்தைப் பிடித்திருக்கிறேன். ஓடுவது 3600-ல். ஸ்டிக்கரில் 6000. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

சும்மாஇரு:
எல்லாரும் ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்? ஒரு 8, ஒரு 16, வேறு வேறு கம்பெனி, ஒன்று 2400, இன்னொன்று 2666. ஐந்து வருஷமாக ஓடுகிறது. 24 ஜிபியில் 16 இரட்டைச் சேனலில் (ஒரே நேரத்தில் இரண்டு பாதையில்) போகும், மிச்ச 8 ஒற்றையில். அவ்வளவுதான். பழையபெட்டி அண்ணே, உங்கள் டிஸ்க்தான் கெட்டிருக்கும்.

பழையபெட்டி:
டிஸ்க் கெட்டால் மெம்டெஸ்டில் எப்படிச் சார் சிவப்பு வரும்? அது டிஸ்கைத் தொடவே தொடாது. உங்களுடையது 2400-ல் நடக்கிறது, அதனால் தப்பித்தீர்கள். நான் சொன்னது 3200 எக்ஸ்எம்பி கதை.

விசிறிச்சத்தம்:
எனக்கும் நடந்தது. பெரிய ஸிப் கோப்பை விரித்தால் சிஆர்சி பிழை (கோப்பு சிதைந்திருக்கிறது என்று அர்த்தம்), மறுபடி விரித்தால் இல்லை. அதே கோப்புதான்!

சரி, எல்லாருக்கும் சொல்கிறேன். கலந்து போட்டே ஆகவேண்டும் என்றால் முதல் வேலை எக்ஸ்எம்பியை அணைப்பது. பல போர்டுகள் ஏதோ ஒரு ஸ்டிக்கின் ப்ரொஃபைலைப் படித்து நாலுக்கும் அதையே போட்டுவிடும், மற்ற ஜோடிக்கு அது ஒத்துவருமா என்று கேட்காது. சிஎல்16 என்ற ஒரு எண் ஒத்துப்போனால் போதாது. டிஆர்எஃப்சி (ரேம் தன்னைப் புதுப்பிக்க எடுக்கும் நேரம்) மாதிரி உள்ளே இருக்கும் டைமிங் சிப்புக்குச் சிப் மாறும். மெதுவான ஜோடியின் எண்களைக் கையால் எல்லாவற்றுக்கும் கொடுங்கள், கட்டளைக்கு ஒரு துடிப்பு கூடுதல் நேரம் கிடைக்கும்படி கமாண்ட் ரேட்டை 2டி ஆக்குங்கள். ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு சேனலுக்கும் பிரித்துப் போடுங்கள், ஒரே சேனலில் திணிக்காதீர்கள். ஸ்டிக் ஒரு ரேங்கா இரண்டு ரேங்கா (சிப்புகள் ஒரு தொகுதியா இரண்டு தொகுதியா) என்றும் பாருங்கள். ரைசன் 3000 வரிசையில் இரண்டு ஸ்டிக்குக்கு ஏஎம்டி சொல்வது 3200, இரண்டு ரேங்க் ஸ்டிக் நாலு போட்டால் 2666தான். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் அதிர்ஷ்டம். போர்டு பூட் ஆகாமல் மாட்டிக்கொண்டால் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு பயாஸ் அமைப்புகளை அழிக்கும் சிமாஸ் ஜம்பரின் இரு முனைகளையும் தொட வையுங்கள், இல்லையென்றால் அந்தக் காசு பேட்டரியைக் கழற்றிச் சில நிமிஷம் வையுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு ஒரு ராத்திரி முழுக்க டெஸ்ட். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு "பாஸ்" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ஸ்லாட்நான்கு:
ப்ரோ, இவ்வளவு செய்வதற்குப் பழையதை விற்றுவிட்டு 32 ஜிபி ஒரே கிட்டாக வாங்கிவிடலாமே? யார் கேட்டது இதெல்லாம்?

விசிறிச்சத்தம்:
வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். முடியாதவர்களுக்கு எழுதினேன்.

சும்மாஇரு:
நேற்று ராத்திரி நானும் மெம்டெஸ்ட் போட்டுவிட்டுத் தூங்கினேன். நாலு சுற்றும் பாஸ். டிஸ்க் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் அண்ணே. அந்தப் படம் வேறு யாரிடமாவது இருக்கிறதா?

பழையபெட்டி:
ஏழில் நாலு அக்காவின் போனில் கிடைத்தது, வாட்ஸ்அப்பில் எப்போதோ அனுப்பியிருக்கிறேன். சின்ன அளவுதான். அம்மாவின் படம் அதில் இல்லை. புது ஜோடி இப்போது மேசை டிராயரில் கிடக்கிறது. விற்கலாம், தனியாக ஓட்டினால் அதில் ஒரு குறையும் இல்லை.