பீடப்பணியாளர் அங்கிக்கு எந்தத் துணி?

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

பங்குக் கோயிலில், பூசையில் குருவுக்கு உதவும் பீடப்பிள்ளைகளுக்குப் புது வெள்ளை அங்கி தைக்கிறோம். பாப்ளின் மெல்லிசு, பின்னாலிருந்து விளக்கொளி விழுந்தால் உள்ளே போட்ட கலர் உடுப்பு அப்படியே தெரிகிறது. பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம்: வேர்க்கும், தூபக்கலசத்துத் தணல் தெறித்தால் உருகித் தோலில் ஒட்டும். தடித்த பருத்தி ட்ரில் மறைக்கும், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குக் கனம்.

தோளிலிருந்து முழங்கால்வரை பருத்தி லைனிங் கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? துவைத்தபின் லைனிங் மட்டும் சுருங்கி வெளித்துணியை இழுக்காமலிருக்க, இரண்டையும் முதலில் நனைத்துக் காயவைத்தால் போதுமா?

நீளம் கணுக்காலுக்கு 2 அங்குலம் மேலே. தரையைத் தொட்டால் பீடப்படியில் மிதித்துத் தடுக்கும். வளர்கிற பிள்ளைகள் என்பதால் உள்மடிப்பு 3 அங்குலம். மணியடிக்கக் குனியும்போது கழுத்து தொங்குகிறது. இதற்குப் பட்டிக் காலர் நல்லதா, பின்பக்கம் ஜிப் வைப்பது நல்லதா? தைத்த அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.