பீம்பேட்கா பாறை ஓவியங்கள்: அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போகிறோம், அரை மணி நேரம் போதுமா?

நொய்யல்கரை எழுதியது:

வணக்கம். டிசம்பர் கடைசியில் போபால் போகிறோம். நான், மனைவி, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், முழங்கால் வலி உள்ள என் அம்மா. பாடப் புத்தகத்தில் பீம்பேட்கா பற்றிப் படித்ததிலிருந்து மகளுக்கு அந்த ஓவியங்களை நேரில் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் போய்வந்த நண்பர் ஒருவர், "பாறையில் சிவப்பு சிவப்பாகக் கறை மாதிரி இருக்கும், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அப்படியே சாஞ்சி ஸ்தூபியையும் அன்றே பார்த்துவிடு" என்கிறார்.

கேட்க நினைப்பது மூன்று விஷயங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாமா? அம்மாவால் நடக்க முடியுமா? மகளுக்கு அங்கே எதைக் காட்ட வேண்டும்? குகைக்குள் இருட்டாக இருக்கும், டார்ச் எடுத்துப் போகவேண்டுமா என்று அம்மா வேறு கேட்கிறார்.

நெடுஞ்சாலை எழுதியது:

சாஞ்சி போபாலுக்கு வடகிழக்கே, பீம்பேட்கா தென்கிழக்கே. இரண்டுமே சுமார் 45 கிலோமீட்டர். ஒரே நாளில் முடிக்கலாம், ஆனால் பாதி நாள் காரிலேயே போய்விடும். பீம்பேட்காவோடு போஜ்பூர் சிவன் கோயிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அது இதே திசையில்தான். கட்டி முடிக்கப்படாமலே நின்றுபோன 11ஆம் நூற்றாண்டுக் கோயில், உள்ளே ஆளை அண்ணாந்து பார்க்க வைக்கும் பெரிய லிங்கம். அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

போபால்_கலா எழுதியது:

தம்பி, நான் போபாலில் பெல் (BHEL) நிறுவனக் குடியிருப்பில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் பீம்பேட்காவுக்குக் கூட்டிப்போவது என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அம்மாவின் கேள்வி. டார்ச் வேண்டாம். இவை மலைக்குள் நுழையும் இருட்டுக் குகைகள் இல்லை. மணற்பாறை அரிக்கப்பட்டு, குடை போலக் கவிந்து நிற்கும் பாறைக் குடில்கள். பகல் வெளிச்சம் தாராளமாக வரும். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, தேக்குக் காட்டு வழியாக மேலே ஏறினால் கார் ஏறக்குறைய முதல் பாறை வரைக்கும் போகும். அங்கிருந்து பாதை போட்டிருக்கிறார்கள். நடுநடுவே படிகளும் மேடு பள்ளமும் உண்டு. அம்மா முதல் சில குடில்களை மெதுவாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். குறைந்தது இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். தண்ணீர், சாப்பிட ஏதாவது கையில் இருக்கட்டும், மேலே கடை கிடையாது.

"கறை மாதிரி" என்று உங்கள் நண்பர் சொன்னதைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. வேகமாக நடந்தால் அப்படித்தான் தெரியும். ஒரு பாறை முன்னால் பேசாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். முதலில் ஒரு மான் தெரியும். அப்புறம் அதன் காலுக்குக் கீழே இன்னொரு விலங்கு, அதற்கும் அடியில் வெளிறிப்போன ஒரு மனித உருவம். கண் பழகப் பழகப் பாறை நிறைந்துகொண்டே போகும். இந்த வட்டாரத்தில் 700க்கும் மேற்பட்ட குடில்கள் இருக்கின்றன, 400க்கும் மேற்பட்டவற்றில் ஓவியங்கள். நமக்குத் திறந்திருப்பது பதினைந்து போலத்தான். அந்தப் பதினைந்தையும் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட நாலைந்தை நின்று பார்ப்பது மேல்.

மகளுக்குக் காட்ட வேண்டிய இடம், வழிகாட்டிகள் 'ஜூ ராக்' என்று சொல்லும் விலங்குப் பாறை. யானை, மான், காட்டெருமை என்று ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்திருக்கிறார்கள். பழைய படத்தை யாரும் அழிக்கவில்லை, அதன் மேலேயே அடுத்தவர் வரைந்திருக்கிறார். விலங்குப் படங்களுக்கு மேல் குதிரை வீரர்களின் அணிவகுப்பு ஒன்று வருகிறது. வேட்டைக்காரர்கள் விட்டுப்போன அதே பாறையில், பல ஆயிரம் வருடம் கழித்து அரசர் காலத்து ஆள் வந்து வரைந்திருக்கிறான்! எனக்கு இந்த இடத்தின் பெரிய அதிசயம் இதுதான். மகளிடம் "எது மேலே, எது கீழே?" என்று மட்டும் கேட்டுவிட்டு விடுங்கள். வாளும் குதிரையும் வந்தால் பிந்தைய காலம், உடம்புக்குள் கோடும் கட்டமும் போட்ட காட்டு விலங்கு வந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது என்று அவளே பிரித்துவிடுவாள். ஆராய்ச்சியாளர்கள் காலத்தைப் பிரிக்க முதலில் பார்ப்பதும் இந்த அடுக்குகளைத்தான். சிவப்பு நிறம் காவிக்கல், அதாவது இரும்புச் சத்துள்ள மண். அதில் கரிமம் (கார்பன்) இல்லாததால் கார்பன் முறையில் நேரடியாக வயது கணிக்க வழியில்லை.

பாதையின் கடைசிப் பக்கம் காளான் வடிவத்தில் ஒரு பாறை. அதில் கொம்பு வைத்த ஒரு பெரும் பன்றி, சின்னஞ்சிறு மனிதனைத் துரத்துகிறது. களைத்துப்போய் பாதியில் திரும்புகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அம்மாவை விட்டுவிட்டாவது நீங்களும் மகளும் அதுவரை போய்வாருங்கள்.

கண்டுபிடித்த கதையையும் சொல்லுங்கள். 1888இல் கின்கெய்டு என்ற ஆங்கிலேய அதிகாரி இதை ஏதோ பௌத்தத் தலம் என்று எழுதிவைத்தார். 1957இல் தொல்லியல் ஆய்வாளர் வி. எஸ். வாகண்கர் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாக இந்தப் பாறைகளைப் பார்த்து, தேடிக்கொண்டு வந்தார். 2003இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனது. நீங்கள் தாண்டிப்போகும் தண்டவாளத்தை மகளுக்குக் காட்டினால் கதை ஒட்டிக்கொள்ளும்.

ஒரு வேண்டுகோள். பாறையைத் தொடாதீர்கள், யாராவது தண்ணீர் தெளித்து நிறத்தை 'எடுத்துக்காட்ட' முயன்றால் தயவுசெய்து தடுங்கள். இத்தனை ஆயிரம் வருடம் மழை படாததால்தான் இவை தப்பித்திருக்கின்றன.

நொய்யல்கரை எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. சாஞ்சியை அடுத்த நாளுக்கு மாற்றிவிட்டேன். இன்னும் ஒன்று. இணையத்தில் ஒரு இடத்தில் ஓவியங்களுக்கு ஒரு லட்சம் வயது என்கிறார்கள், இன்னொரு இடத்தில் பத்தாயிரம். போதாததற்கு, 55 கோடி ஆண்டுப் புதைபடிவம் ஒன்றும் அங்கே இருப்பதாகப் படித்தேன். மகள் கேட்டால் எதைச் சொல்வது?

கல்லும்மண்ணும் எழுதியது:

நிலவியல் படித்தவன் என்பதால் புதைபடிவத்துக்கு நான் பதில் சொல்கிறேன். 2021இல், 'ஆடிட்டோரியம்' குகையின் கூரையில் டிக்கின்சோனியா என்ற மிகப் பழைய உயிரினத்தின் படிவம் இருப்பதாக ஆய்விதழில் கட்டுரை வந்தது உண்மை. 2023இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகக் குழுவினர் நேரில் வந்து ஆராய்ந்து, அது பாறையில் ஒட்டியிருந்த பழைய தேன்கூட்டின் மிச்சம் என்று காட்டினார்கள். முதலில் எழுதியவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். மகளிடம் இதை அவசியம் சொல்லுங்கள். அறிவியலில் ஒரு முடிவு எப்படித் திருத்தப்படுகிறது என்பதற்கு அந்தக் கூரையே உதாரணம்.

போபால்_கலா எழுதியது:

வயது விஷயம் இப்படி, தம்பி. ஒரு லட்சம் வருடம் என்பது அங்கே மனிதர் வாழ்ந்ததற்கான கணக்கு. 1970களில் தொல்லியல் ஆய்வாளர் வி. என். மிஸ்ரா தோண்டிய குடிலில் பழைய கற்காலக் கைக்கோடரிகள் கிடைத்தன. ஓவியங்கள் வேறு கணக்கு. பெரும்பாலானவை இடைக் கற்காலம் (சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்) தொட்டு வரலாற்றுக் காலம் வரை வரையப்பட்டவை என்பதே பொதுவான கருத்து. இதைவிட மிகப் பழையவை சில உண்டா என்பதில் வாகண்கர் காலத்திலிருந்தே வாதம் நடக்கிறது. மகளிடம் இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள், புரிந்துகொள்வாள்.

தேன்கூடு என்றதும் நினைவு வந்தது. அந்தப் பாறைகளில் மலைத்தேனீ கூடு கட்டும். உயரத்தில் கூடு கண்டால் சத்தம் போடாமல் தள்ளிப் போங்கள். இன்னொன்று, உயரத்தில் இருக்கும் ஓவியங்களுக்கு ஒரு சின்ன பைனாகுலர் இருந்தால் நல்லது. வெளிறிய படங்களைப் போனில் எடுத்து டி-ஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருளில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத கோடுகளும் எழும்பி வரும். ராத்திரி ஓட்டலில் உட்கார்ந்து மகளோடு செய்து பாருங்கள். காலை எட்டரைக்குள் மேலே போய்விடுங்கள், பள்ளிப் பேருந்துகள் பத்து மணிக்கு மேல்தான் வரத் தொடங்கும்.