கைபேசியில் ஓயாமல் தட்டுகிறான், தமிழில் ஒரு பத்தி எழுத வரவில்லை

செங்காங் அம்மா:
மகன் உயர்நிலை 2. வாட்ஸ்அப்பில் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கிறான், ஆனால் போன வாரம் அவனுடைய தமிழ்க் கட்டுரையைப் பார்த்தால் "மலை பெய்ததால் பல்லிக்குத் தாமதமாகச் சென்றேன்" என்று இருக்கிறது, சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 2026 ஜனவரியிலிருந்து சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளையிலும் கைபேசி கூடாது என்றார்கள், சரி, இனி மாறும் என்று நினைத்தேன். வீட்டிலும் பிடுங்கி வைத்துவிடலாமா?

பழைய டீச்சர்:
பிடுங்கினால் ழகரம் வந்துவிடாது அம்மா. அவன் தமிழை ஆங்கில எழுத்தில்தானே தட்டுகிறான்? அதில் ல, ள இரண்டுக்கும் ஒரே எழுத்து, ந, ன, ண மூன்றுக்கும் ஒரே எழுத்து. பள்ளியா பல்லியா என்று யோசிக்க வேண்டிய தேவையே அவனுக்கு ஒரு நாளும் வருவதில்லை, தேர்வுத்தாளில்தான் முதல்முறையாக வருகிறது. தமிழ் 99 விசைப்பலகையைப் போட்டுக் கொடுங்கள், ஐபோனில் 2013இலிருந்தே இருக்கிறது. அதில் ல, ள, ழ ஒவ்வொன்றுக்கும் தனி விசை, எந்த ள என்று தெரிந்தால்தான் விரல் நகரும். ஆனால் மேலே வரும் சொல் பட்டியலை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே எழுதிக் கொடுத்துவிடும்.

ஈசூன் அப்பா:
எல்லாப் பழியையும் கைபேசிமேல் போடாதீர்கள். 2022இல் பிசா என்ற அனைத்துலகத் தேர்வில் நம் 15 வயதுப் பிள்ளைகள் வாசிப்பில் 543 எடுத்து உலகத்திலேயே முதலிடம். 2018இல் 549 எடுத்திருந்தார்கள், கொஞ்சம் இறக்கம்தான், இருந்தாலும் வாசிக்கவே தெரியாத பிள்ளைகளா இவர்கள்? அந்தத் தேர்வு ஆங்கிலத்தில். நம் பிள்ளைகள் வாசிக்கிறார்கள், தமிழில்தான் வாசிப்பதில்லை. கேட்கிறேனே என்று கோபிக்க வேண்டாம், மகனுக்கு நீங்கள் எந்த மொழியில் மெசேஜ் அனுப்புகிறீர்கள்?

ஜேசி (தொடக்கக் கல்லூரி) மாணவி:
ஆன்ட்டி, என் தமிழைக் காப்பாற்றியது எங்கள் பாட்டி. அவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது, வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் காது சரியாகக் கேட்காது, அதனால் வேறு வழியில்லாமல் தமிழில் தட்டக் கற்றுக்கொண்டேன். தப்பாக எழுதினால் சிரிப்பு எமோஜி வரும், ஒன்றல்ல, ஏழெட்டு! கையால் எழுதுவது வேறு கதை, கட்டுரை முடிவதற்குள் எனக்கு இன்னும் விரல் வலிக்கும்.

பழைய டீச்சர்:
பாட்டிக்கு என் வணக்கம். இன்னொன்று, 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த ஒரு கட்டுரையில், தகவல் கட்டுரைகள் திரையைவிடத் தாளில் படித்தால்தான் நன்றாகப் புரிகின்றன, கதைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை என்று கண்டார்கள். அதனால் கருத்தறிதல் பயிற்சியைத் தாளிலேயே செய்யட்டும். கதை என்றால் நூலகச் செயலியில் தமிழ் மின்னூல் எடுத்துக் கைபேசியிலேயே படித்துவிட்டுப் போகட்டும்.

செங்காங் அம்மா:
ஈசூன் அப்பா கேட்டது சுருக்கென்று இருந்தது, நானும் ஆங்கில எழுத்தில்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். நேற்று இரண்டு பேர் கைபேசியிலும் தமிழ் 99 போட்டாயிற்று. சாயங்காலம் அவனிடமிருந்து "பசிக்குது, சோரு இருக்கா" என்று வந்தது, அதைத் தட்டவே மூன்று நிமிடம் ஆனதாம். ற போட்டால்தான் சோறு என்று பதில் அனுப்பிவிட்டேன்.