பிஎச்பி: தமிழ்ப் பெயரை வெட்டினால் எழுத்து உடைகிறது

அல்சூர்வாசி
பெங்களூரு வாடகை வீடுகளுக்கான தமிழ்த் தளம். பிஎச்பி 8.3, உபுண்டு. பகுதிப் பெயரைச் சுருக்க, சொல்லை வெட்டும் சப்ஸ்டர் ஃபங்ஷனைப் போட்டேன். ‘மல்லேஸ்வரம்’ என்பதை 10-இல் வெட்டினால் ‘மல்’ வந்து பக்கத்தில் கேள்விக்குறிப் பெட்டி. தரவை ஜேசன் வடிவத்துக்கு மாற்றும் ஜேசன்_என்கோட் ஃபால்ஸ் தருகிறது. எம்பி_சப்ஸ்டரில் 4 கொடுத்தால் ‘மல்ல’. ‘லே’யின் கொம்பைக் காணோம்.

பின்தளம்
வெட்ட மூன்று ஃபங்ஷன் உண்டு: சப்ஸ்டர், எம்பி_சப்ஸ்டர், கிராஃபீம்_சப்ஸ்டர். மூன்றும் மூன்று விதமாக எண்ணுகின்றன. சப்ஸ்டர் எண்ணுவது பைட். எழுத்தைப் பைட்டாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ஆகவே ‘மல்லேஸ்வரம்’ 33 பைட். 10-இல் வெட்டினால் நான்காவது குறியின் முதல் பைட் மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். ஜேசன் மறுப்பது அதனால்தான். செல்லாத பைட்டை மாற்றிப் போடும் ஃப்ளாக் ஜேசனில் உண்டு, ஆனால் அதைப் போட்டு மறைக்காதீர்கள். வெட்டும் இடத்தைச் சரிசெய்யுங்கள்.

எம்பி_சப்ஸ்டர் எண்ணுவது யூனிகோட் குறியை. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக்குறி என்பதால் அதே பெயர் அங்கே 11. நாம் கண்ணால் எண்ணுவது 7: ம, ல், லே, ஸ், வ, ர, ம். அந்தக் கணக்கு கிராஃபீம்_சப்ஸ்டரில் கிடைக்கும். 4 கொடுத்தால் ‘மல்லேஸ்’. க்ஷ, ஸ்ரீ இரண்டும் அதில் இரண்டிரண்டாகவே எண்ணப்படும், அவற்றின் நடுவில் வெட்டு விழலாம்.

டேட்டாபேஸ் நீளம் பார்க்கும்போது மட்டும் எம்பி_ஸ்ட்ர்லென் போதும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஒரு புலத்தின் நீளத்தை வார்ச்சார் 50 என்று வைத்தால் 50 யூனிகோட் குறி.

அல்சூர்வாசி
கிராஃபீம்_சப்ஸ்டருக்கு வேண்டிய இன்ட்ல் பேக்கேஜ் போட்டேன். டெர்மினலில் ஓடுகிறது, பிரவுசரில் ‘அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை’ என்கிறது.

பின்தளம்
பிரவுசருக்காக பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் புது எக்ஸ்டென்ஷனைத் தானாக ஏற்றாது. எக்ஸாம்ப் (பிஎச்பியும் அப்பாச்சி சர்வரும் சேர்ந்த தொகுப்பு) வைத்திருப்பவர்கள் பிஎச்பி.இனி கோப்பில் இன்ட்ல் எக்ஸ்டென்ஷன் வரிக்கு முன்னால் உள்ள அரைப்புள்ளியை எடுத்துவிட்டு அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யவேண்டும்.

முன்தளம்
பக்கத்தில் வீட்டு விவரக் கார்டில் காட்டத்தான் என்றால் பிஎச்பியில் வெட்டவே வேண்டாம், இடம் போதாதபோது மீதியை மறைத்து ‘…’ காட்டும் சிஎஸ்எஸ் எலிப்சிஸுக்கு விடுங்கள். ‘ர’வும் ‘ணௌ’வும் ஒரே அகலம் இல்லை, எழுத்தை எண்ணி வெட்டினால் வரிசை சீராக நிற்காது.

இன்னொன்று, தேடலையும் சோதித்துப் பாருங்கள். ‘கோரமங்களா’வின் ‘கோ’ சில கீபோர்டில் ஒரே உயிர்க்குறியோடும், சிலவற்றில் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளோடும் வரும். திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் பிஎச்பி ஒப்பீட்டில் இரண்டும் வேறு. இன்ட்லில் உள்ள நார்மலைசரில் ஃபார்ம் சி (கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேர்க்கும் வடிவம்) கொடுத்துச் சேமியுங்கள். ஏற்கெனவே உள்ள பெயர்களையும், தேடல் பெட்டியில் வரும் சொல்லையும் அதே வழியில் அனுப்புங்கள்.