புதுப்பிப்பு: விலைபோகாத ஆடுகளுக்கும் பதிவு உண்டா?

சந்தைக்குப் போய் விற்காமல் திரும்பும் ஆடுகளையும் இடமாற்றப் பதிவேட்டில் (எந்த ஆடு எங்கிருந்து எங்கே போனது என்று எழுதும் ஏடு) ஏற்ற வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். "சொந்தப் பட்டிக்குத்தானே திரும்புகின்றன" என்பது பலரின் பதில். எனக்கு அது ஒப்பவில்லை.

இப்போது திரும்பும் ஆடுகளையும் தனி இடமாற்றமாகவே பதிகிறோம். காரணம் எளிது: கோமாரி கண்ட ஆடு அறிகுறி காட்டும் முன்பே நோயைப் பரப்பும். சந்தையில் அரை நாள் பக்கத்துப் பட்டியோடு மூக்கு உரசிய ஆடு, போனபடியே திரும்பியதாகக் கொள்ள முடியாது. பிரிட்டனில் 2001 பிப்ரவரி 20 அன்று நோய் உறுதியாகும் முன்பே ஹெக்ஸம், லாங்டவுன் சந்தைகள் வழியாக அது பல மாவட்டங்களுக்குப் போய்விட்டிருந்தது. கால்நடை இடமாற்றத் தடை வந்தது 23 அன்றுதான். 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அதைப் படித்தபின் ஒரு வரியை விட்டுவிட மனம் வரவில்லை.

நடைமுறையில் சிக்கல் காதுவில்லையில்தான்; அதாவது ஆட்டின் காதில் மாட்டி, கருவியால் படிக்கும் அடையாள எண் வில்லை. ஒடுக்கமான வழியில் இரண்டு ஆடுகள் ஒட்டி ஓடினால் கருவி ஒன்றையே படிக்கிறது. எனவே வண்டியில் ஏற்றும்போது தலை எண்ணிக்கையையும் பட்டியலையும் ஒப்பிடுகிறோம். வில்லை அறுந்த ஆட்டுக்குப் புது எண் போட்டால், பழைய எண்ணையும் அதோடு இணைத்து எழுதுங்கள். இல்லாவிட்டால் தடம் அங்கேயே அறுந்துவிடும்.

வியாபாரி இடைவழியில் கைமாற்றும் ஆடுகள்தான் இன்னும் பிடிபடவில்லை. அவற்றை யார் அறிவிப்பது என்று சந்தை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம்.