‘ஹைலி டேமேஜ்டு’ ஏன் உறுத்துகிறது?

ராயபுரத்தான்:
ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் ஆங்கிலக் கடிதங்களைச் சரிபார்ப்பது என் வேலை. கன்டெய்னரின் பக்கத் தகடு நசுங்கி உள்ளே தண்ணீர் புகுந்ததைப் பற்றி, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில், சரக்கு ‘ஹைலி டேமேஜ்டு’ என்றும், உடனடி ஆய்வு ‘வெரி எசென்ஷியல்’ என்றும் குறிப்பிட்டிருந்தார். இரண்டையும் திருத்திவிட்டேன், ஆனால் இலக்கணப்படி இவற்றில் என்ன பிழை என்று அவர் கேட்கிறார். இதற்கு விதி ஏதும் உண்டா?

பழைய வண்ணாரப்பேட்டை ஆசிரியை:
இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள், தம்பி. ‘ஹைலி டேமேஜ்டு’ இலக்கணத்துக்கு முரணானதன்று, வழக்குக்குத்தான் முரண். ‘ஹைலி’ என்னும் வினையடை, ‘ஹைலி ஸ்கில்டு’, ‘ஹைலி லைக்லி’ என்று திறமை, வாய்ப்பு போன்றவற்றைக் குறிக்கும் சொற்களோடு இயல்பாகச் சேரும்; சேதம், காயம் என்று வந்தால் ஆங்கிலக் காது ‘பேட்லி’, ‘சிவியர்லி’ ஆகியவற்றையே எதிர்பார்க்கும். கன்னங்கரேல், செக்கச்செவேல் என்று சொல்லும் நாம் அவற்றை மாற்றிச் சேர்ப்பதில்லையே, அதுபோலத்தான். 2002-இல் முதன்முதலில் வெளிவந்த ஆக்ஸ்போர்டு கொலொகேஷன்ஸ் அகராதியில், ஒரு பெயரடையோடு எந்தெந்த வினையடைகள் சேரும் என்பதைத் தேடிப் பார்க்கலாம்.

‘வெரி எசென்ஷியல்’ உறுத்துவதற்குக் காரணம் சொல்ல முடியும். ‘பிக்’, ‘டயர்டு’ போன்றவை கூடவும் குறையவும் இடம் தருபவை. ‘எசென்ஷியல்’, ‘இம்பாசிபிள்’, ‘எனார்மஸ்’ ஆகியவை ஏற்கெனவே எல்லையில் நிற்பதால் அவற்றோடு ‘வெரி’ ஒட்டாது, ‘அப்சல்யூட்லி’ ஒட்டும். ‘அப்சல்யூட்லி பிக்’ இடிப்பதும் இந்தக் கணக்கில்தான்.

பெரம்பூர் வாசகர்:
அம்மா சொல்வது சரி. ஆயினும் அதைக் கல்வெட்டாக்கிவிட வேண்டாம். 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முகப்புரையிலேயே ‘மோர் பெர்ஃபெக்ட் யூனியன்’ என்றுதான் இருக்கிறது. நிறைவானதற்கு மேல் என்ன நிறைவு என்று கேட்டு யாரும் அதைத் திருத்தவில்லை.

திருவொற்றியூர் சரக்கு:
அரசியலமைப்புக்கு அது பொருந்தும்; காப்பீட்டுக் கடிதத்துக்கு அடைமொழியே எதற்கு? தகடு எத்தனை அங்குலம் உள்வாங்கியது, எத்தனை அட்டைப்பெட்டிகள் நனைந்தன என்று எழுதினால், ஆய்வுக்கு வரும் சர்வேயர் அதை வைத்து வேலையைத் தொடங்கிவிடுவார். ‘பேட்லி’ என்று எழுதினால் எவ்வளவு என்று அவர் திரும்பக் கேட்டாக வேண்டும். அந்தத் தம்பியிடம் இன்னொன்றையும் சொல்லிவையுங்கள்: நம்மவர்கள் பாராட்டாக எழுதும் ‘டூ ஃபாஸ்ட்’ என்பதை, வெளிநாட்டுக்காரர் அளவுமீறிய வேகம் என்ற புகாராகவே படிப்பார், அங்கே ‘வெரி’ தாராளமாகப் பொருந்தும்.